குமானோ கோடோ என்பது என்ன? பேருந்து இருந்தும் ஏன் நடந்து போகிறார்கள்?

ஜப்பானின் கீ தீபகற்பத்து மலைக்காடுகளின் ஊடே ஹோங்கு, ஹயதமா, நாச்சி ஆகிய மூன்று பெருங்கோயில்களை நோக்கிச் செல்லும் பழைய யாத்திரைப் பாதைகளின் பொதுப்பெயர்தான் குமானோ கோடோ. 2004இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முதலில் கியோத்தோவிலிருந்து பதவி துறந்த பேரரசர்கள் பரிவாரத்துடன் வந்தார்கள். பிற்காலத்தில் எளிய மக்களும் சாரை சாரையாக வந்ததால், 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்றே ஒரு வழக்கு ஜப்பானிய மொழியில் நிலைத்துவிட்டது.

நடப்பதற்குக் காரணம், அந்த நடையே வழிபாடாகக் கருதப்பட்டதுதான். எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தை ஒருமுறை நீரில் முக்கி எடுத்தால் போதாது, தேய்க்கத் தேய்க்கத்தான் அது துலங்கும். அதுபோலவே ஏற்றமும் மழையும் களைப்பும் மனத்தைத் தூய்மையாக்கும் என்று யாத்திரிகர்கள் நம்பினார்கள். தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரையிலான சுமார் 38 கிலோமீட்டர் வழியில் 'ஓஜி' எனப்படும் சிறு சன்னதிகள் இடையிடையே வருகின்றன. அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது ஃபுஷியோகாமி: பல நாள் நடந்து வந்தவர்கள், தொலைவில் ஹோங்குவை முதன்முதலாகக் கண்டதும் தரையில் விழுந்து வணங்கிய இடம் அது, அதன் பெயரின் பொருளும் அதுவே. கனமழை மண்ணை அரித்துவிடாதபடி பதிக்கப்பட்ட கற்கள் பாசி படர்ந்து வழுக்கும் என்பதால், சில இடங்களில் ஒவ்வோர் அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

குமானோ கோடோவை ஒரே சாலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நகஹேச்சி, கோஹேச்சி, இசேஜி முதலான பல பாதைகளின் பின்னல்.