வீட்டு விமான சிமுலேட்டருக்கான கணினியும் விஆர் ஹெட்செட்டும்: கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுவோர் கணினி உறுப்புகளையும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டுகளையும் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகளாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு பறந்தும், இதற்கென்றே கணினிகளைக் கூட்டிச் சேர்த்தும் கற்றுக்கொண்டவற்றையே சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகள் எங்கெங்கோ சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே முதல் பதில் சற்று நீளமாக இருக்கும்.

கேள்வி: என் கணினியில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் உள்ளன. சாதாரண 1080பி திரையில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வினாடிக்கு 50 ஃபிரேம் தருகிறது. குவெஸ்ட் 3 ஹெட்செட் வாங்கினால் இதே கணினி போதுமா?

பதில்: வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) என்று கணக்கிடுவதை விட்டுவிட்டு, ஒரு ஃபிரேமை வரைய எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று கணக்கிடத் தொடங்குங்கள், விடை தானே தெரிந்துவிடும். வினாடிக்கு 50 ஃபிரேம் என்றால் உங்கள் கணினி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஹெட்செட்டை அதன் குறைந்த வேகமான 72 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 72 படம்) வைத்தாலும், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 13.9 மில்லிவினாடிதான், 90 ஹெர்ட்ஸில் அது 11.1 ஆகச் சுருங்கிவிடும். வரைய வேண்டிய வேலையோ பெருகுகிறது. 1080பி திரையில் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்கள் உள்ளன. குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 x 2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட இதைவிடப் பெரிய படமாக வரைந்து பிறகு சுருக்க வேண்டியிருப்பதால், உண்மையான சுமை அதற்கும் மேலே போகிறது. அதாவது, நான்கு மடங்குக்கும் அதிகமான வேலையை இப்போது ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்கச் சொல்கிறீர்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ரீப்ரொஜெக்ஷன் என்னும் உத்தி இருக்கிறது. 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டுக்குக் கணினி வினாடிக்கு 45 ஃபிரேம் வரைந்தால் போதும். இடையிலுள்ள 45-ஐ ஹெட்செட்டின் மென்பொருள் முந்தைய ஃபிரேம்களிலிருந்து ஊகித்து உருவாக்கிக்கொள்ளும். தொலைவில் உள்ள மேகமும் மலையும் இதில் நன்றாகவே தெரியும். ஆனால் சுழலும் புரொப்பெல்லரின் ஓரமும், தாழப் பறக்கையில் இறக்கையின் விளிம்பை ஒட்டி ஓடும் தரையும் கூழ்போல் நெளியும். சிலருக்கு இது பொருட்டே இல்லை, எனக்குத் தாங்காது.

எனவே உங்கள் கணினி ஓடுமா என்றால், ஓடும். அமைப்புகளைக் குறைத்து, சிறிய விமானத்தில், ஊர்ப்புறங்களின் மேலே பறந்தால் மகிழ்ச்சியாகவே ஓடும். பெருநகர விமான நிலையத்தில் பயணிகள் விமானத்தை இறக்க நினைத்தால் திணறும். ஹெட்செட் வாங்குவதற்கு முன்பே ரேமை 32 ஜிபி ஆக்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2024 பதிப்புக்குப் பரிந்துரைக்கப்படும் அளவே அதுதான். 16 ஜிபி அதன் குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஏரோஃப்ளை எஃப்எஸ் 4 போன்ற இலகுவான சிமுலேட்டரில் முதலில் பழகிக்கொள்வதும் நல்ல வழி.

கேள்வி: கையிலுள்ள பணத்துக்குச் செயலி, கிராபிக்ஸ் கார்டு இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும். எதை மாற்றுவது?

பதில்: யாரையும் கேட்பதற்கு முன் உங்கள் கணினியையே கேட்டுவிடலாம். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் இடத்தில் விமானத்தை நிறுத்திவைத்து, ரெண்டர் அளவை (படம் வரையப்படும் பிக்சல் அளவு) பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் வேகம் சட்டென்று ஏறினால் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கிராபிக்ஸ் கார்டு. படம் மங்கலாகியும் வேகம் அசையவில்லை என்றால் தடையாக இருப்பது செயலி. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் வரும் ஃபிரேம் அளவியும், மெயின் திரெட் (செயலியில் வரிசையாக நடக்கும் முக்கிய வேலைத்தொடர்) தடுக்கிறதா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) தடுக்கிறதா என்று நேரடியாகவே சொல்லிவிடும்.

பொதுவாக விஆரில் பிக்சல் சுமை பெரிதாக இருப்பதால் முதலில் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டுதான். ஆனால் சிக்கலான பயணிகள் விமானத்தை நெரிசலான விமான நிலையத்தில் நிறுத்தும்போது நிலைமை தலைகீழாகிவிடும். விமானத்தின் மின்சுற்று, எரிபொருள், ஆட்டோபைலட், சுற்றியுள்ள பிற விமானங்கள் ஆகிய கணக்குகளில் பெரும்பகுதி ஒரே திரெட்டில் வரிசையாக நடக்கின்றன. செயலியில் எத்தனை கோர்கள் இருந்தாலும் இந்த வரிசை குறையாது. ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைச் செயலிகள் சிமுலேட்டர்காரர்களிடையே இவ்வளவு பேர் பெற்றதற்குக் காரணம் இதுவே. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் எல்3 கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 96 எம்பி. அதே எட்டு கோர் கொண்ட சாதாரண 7700எக்ஸில் அது 32 எம்பி. நினைவகத்தின் பல மூலைகளிலிருந்து சிறுசிறு தரவுகளை ஓயாமல் எடுக்கும் வேலை இது. அவை அருகிலேயே கிடைத்துவிட்டால் செயலி ரேமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சராசரி வேகம் ஏறுவதைக் காட்டிலும், இடையிடையே வரும் திக்கல்கள் குறைவதுதான் இதில் எனக்குப் பெரிய பயனாகத் தெரிகிறது. திரையில் ஒரு திக்கலைக் கண் மன்னித்துவிடும். ஹெட்செட்டுக்குள் உலகமே ஒரு கணம் தலையோடு இழுபட்டு நிற்பதை வயிறு மன்னிக்காது.

கேள்வி: 550 வாட் பவர் சப்ளையில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கார்டு மட்டுமே 285 வாட் வரை இழுக்கும். என்விடியா பரிந்துரைப்பது 700 வாட். பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: செசனா 172 சிறுவிமானத்தின் கருவிப் பலகையிலுள்ள ஜி1000 திரையில் எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. உயரத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் முன்னால் குனிய வேண்டியிருக்கிறது. ஹெட்செட்டில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. கூர்மையான மனிதக் கண் ஒரு பாகைக்கு 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பது வழக்கமான கணக்கு. குவெஸ்ட் 3 தருவது ஏறத்தாழ 25, இன்னொரு ஹெட்செட்டான பைமாக்ஸ் கிரிஸ்டல் தருவது 35 அளவில். எனவே உண்மையான விமானியைப் போல் ஒரு நொடிப் பார்வையில் படிப்பது இவற்றில் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. ஆனாலும் குனியாமல் படிக்கும் நிலைக்குக் கொண்டுவர முடியும்.

முதலில் ஹெட்செட் முகத்தில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். விமானத்தை நிறுத்திவைத்து, ஜி1000-இன் வலப்புறமுள்ள உயரப் பட்டையின் எண்களைப் பார்த்தபடியே, ஹெட்செட்டை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். ஓரிடத்தில் எண்களின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகும். அந்த இடத்தில் பட்டையை இறுக்குங்கள். பின்தலைப் பட்டை உயரமாக ஏறியிருந்தால் முன்பாரம் ஹெட்செட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்து, இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து லென்ஸ்களின் இடைவெளியை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் சராசரியை நம்பாமல் அளந்தே வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாக இருந்தால் டிஎல்எஸ்எஸ் அமைப்பைப் பாருங்கள். குறைந்த பிக்சலில் வரைந்து முந்தைய ஃபிரேம்களின் துணையோடு பெரிதாக்கும் முறை அது. வேகமாக மாறும் எண்களுக்குப் பின்னால் பழைய எண்ணின் நிழல் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான். 2025-இல் வந்த புதிய மாடலில் இக்குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. கார்டில் வலு இருந்தால், முழுப் பிக்சலில் வரையும் டிஏஏ முறைக்கு மாறி, மேகங்களின் தரத்தை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். மேகம் சற்று மொழுக்கையாக இருந்தாலும் பறக்கலாம். உயரமானியைப் படிக்க முடியாமல் பறக்க முடியாது. செலவிடும் ஒவ்வொரு மில்லிவினாடியும் முதலில் கருவிப் பலகைக்கே போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: குவெஸ்ட் வகை ஹெட்செட்டைக் கேபிளில் இணைப்பதா, வைஃபையிலா?

பதில்: கேபிளில் இணைத்தாலும் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இப்படி வீடியோவாகச் சுருக்காமல் பெறுபவை கிராபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் நேரடியாக இணையும் பைமாக்ஸ் கிரிஸ்டல், பிக்ஸ்கிரீன் பியாண்ட் போன்றவை. ஆகவே குவெஸ்ட்டில் தரத்தைப் பொறுத்தவரை இரண்டும் நெருங்கியவையே. வைஃபை என்றால் கணினியை ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளில் இணைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் அல்லது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஹெட்செட்டுக்கு மட்டும் ஒதுக்கி, ரவுட்டரை அதே அறையில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி விரிப்பதால் வரும் தாமதம் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் உறுத்துவதைப் போல இங்கே உறுத்தாது. தலை திரும்புவதை ஹெட்செட் தானே கடைசி நேரத்தில் சரிசெய்துகொள்கிறது. விமானமும் நிதானமாகத்தான் திரும்புகிறது.

கேள்வி: பத்து நிமிடத்தில் குமட்டல் வந்துவிடுகிறது. இது எனக்கு ஒத்துவராதா?

பதில்: பெரும்பாலும் ஒத்துவரும், அவசரப்படாதீர்கள். விமானம் சாய்வதைக் கண் பார்க்கிறது, உட்காதிலுள்ள சமநிலை உறுப்போ நாற்காலியில் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்பாட்டை மூளை ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகலாம். முதலில் தெளிந்த வானில், நேராகவும் மட்டமாகவும் பறங்கள். அடிவானத்தில் கண்ணை ஊன்றுங்கள். முகத்துக்கு நேராக ஒரு மின்விசிறி வையுங்கள். ஹெலிகாப்டரையும் சாகசப் பறப்பையும் தள்ளிப்போடுங்கள். குமட்டலின் முதல் அறிகுறி தெரிந்தவுடன், இன்னும் ஒரு தரையிறக்கம் என்று நினைக்காமல், கழற்றிவிடுங்கள். சகித்துக்கொண்டு தொடர்ந்தால் ஹெட்செட்டைக் கண்டாலே குமட்டும் நிலை வந்துவிடும். ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் பலன் தராது என்பதால் முதல் இரண்டு பதில்களையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: ஹெட்செட் மாட்டினால் விசைப்பலகை தெரிவதில்லை. பொத்தான்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விசைப்பலகையை மறந்துவிடும் அளவுக்குப் பொத்தான்களை யோக்கிலோ (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) ஜாய்ஸ்டிக்கிலோ திராட்டிலிலோ (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) அமைத்துக்கொள்ளுங்கள். டிரிம், ஃபிளாப், பிரேக், ஆட்டோபைலட்டைத் துண்டிப்பது, காட்சியை மையத்துக்குக் கொண்டுவருவது ஆகிய ஐந்தும் கை பிடியை விட்டு அகலாமல் எட்ட வேண்டும். ஒன்றுபோல் இருக்கும் ஆறு சுவிட்சுகளில் மூன்றாவதன் மேல் ஒரு சிறு ரப்பர் பொட்டை ஒட்டிவைத்திருக்கிறேன். விரல் அதைத் தொட்டவுடன் மற்றவை எங்கே என்று தெரிந்துவிடும். கருவி வாங்கும்போது ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். காந்தப்புலத்தை அளப்பதால் அதில் உரசித் தேயும் பாகம் இல்லை. மற்ற கருவிகளில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் (உரசும் தொடர்பால் அளக்கும் உறுப்பு) நாளடைவில் தேய்ந்து, கை வைக்காமலே விமானம் நடுங்கும்.

கேள்வி: வயது ஐம்பத்தைந்து. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுகிறேன். ஹெட்செட்டுக்குள்ளும் போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. திரை கண்ணுக்கு அருகே இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குக் காட்டுகிறது. எனவே வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குக் கருவிப் பலகை தெளிவாகவே தெரியும். கண்ணாடி தேவைப்படுவது கிட்டப்பார்வை போன்ற குறையால் தொலைவைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர்களுக்குத்தான். அவர்கள் தங்கள் பவருக்கு ஏற்ப, லென்ஸின் மேல் பொருத்தும் தனிக் கண்ணாடிகளைச் செய்துகொள்வது நல்லது. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு ஹெட்செட் லென்ஸைக் கீறிவிடும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹெட்செட்டை லென்ஸ் மேல்நோக்கி இருக்க ஒரு முறை சன்னலோரம் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையில் கடுகளவு மஞ்சள் புள்ளியைச் சுட்டுவிட்டது. தரையிறங்கும்போதெல்லாம் அது ஓடுபாதையின் முனைக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. கழற்றிய கையோடு உறையில் வைத்து மூடுங்கள்.

கேள்வி: எச்பி ரிவெர்ப் ஜி2 விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கண்ணுக்கு 2160 x 2160 கொண்ட அருமையான கருவி அது. ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்னும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு நீக்கிவிட்டது. 2025-இல் வெளியான ஒயாசிஸ் என்னும் இலவச டிரைவர் அதற்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறது; என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தூக்கி எறியாதீர்கள்; புதிதாக வாங்குவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வீட்டில் பறக்கும் மணி நேரங்கள் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வருமா?

பதில்: வராது. ஒழுங்குமுறை அமைப்பு சோதித்து ஒப்புதல் தந்த கருவியில், அதன் விதிகளின்படி பறந்தால் மட்டுமே கணக்கில் சேரும். ஆனால் விஆர் என்பதற்காக எவரும் ஒதுக்கிவிடவில்லை. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசா 2021-இல் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான விஆர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது; அவர்கள் அளித்த முதல் விஆர் ஒப்புதல் அது. வீட்டில் கிடைப்பது மணி நேரக் கணக்கு அல்ல; செக்லிஸ்ட்டின் வரிசையும், எந்தக் கருவிக்குப் பின் எந்தக் கருவியைப் பார்ப்பது என்ற பழக்கமும் மனத்தில் பதிவதுதான். அந்தப் பழக்கம் தவறாகப் பதிந்துவிட்டால் திருத்துவது கடினம் என்பதால், உரிமத்துக்குப் பயில்பவர்கள் தங்கள் பயிற்றுநரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் பெரும்பாலும் எட்டு மணி நேரப் பயணிகள் விமானப் பயணங்களைத்தான் பறக்கிறேன். எனக்கு விஆர் தேவையா?

பதில்: முழுப் பயணத்துக்கும் தேவையில்லை. பெரிய திரையும், தலை அசைவைக் கண்டுகொள்ளும் டிராக்ஐஆர் போன்ற கருவியும் உங்களுக்குப் பொருத்தம். வரைபடத்தைப் பார்க்கலாம், குறிப்பெழுதலாம், கழுத்தில் பாரம் இல்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பறக்கும்போதே ஒரு விசையை அழுத்தி விஆருக்குள் போகவும் வெளியே வரவும் முடியும். இறங்கத் தொடங்கியதும் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளுங்கள். ஓடுபாதை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, சக்கரம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை இரு கண்களும் சேர்ந்து உணரும் அந்தக் கடைசி ஐம்பது அடியில், எப்போது மூக்கை உயர்த்துவது என்று திரையில் ஊகித்துக்கொண்டிருந்த கை தானாகவே பின்னால் இழுக்கத் தொடங்கும்.