கொக்கு என்று படிக்க எவ்வளவு நேரம்?

வணக்கம் ஐயா,

ஏற்காட்டில் மலைக் கிராமம் ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். சேர்ந்து படிக்கச் சொன்னால் பிள்ளைகள் கூரை அதிரப் படிக்கிறார்கள். தனியாக எழுப்பினால் வாயே திறப்பதில்லை. ஒரு பையன் ‘கொக்கு’ என்பதைத் தினமும் ‘கெ’ என்றுதான் ஆரம்பிக்கிறான். உடனுக்குடன் திருத்தியும் மாறவில்லை. பெற்றோர் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், படிப்பறிவில்லாதவர்கள். வீட்டில் உதவ ஆளில்லை. நல்ல வாசிப்புச் செயலி ஏதாவது சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செயலியை விடுங்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அட்டைக்கும் பயிற்சி நூலுக்கும் குறையில்லை. கூரை அதிரப் படிப்பதையும் நம்ப வேண்டாம். முன்வரிசையில் இரண்டு பேர் படிப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் வாயைப் பார்த்துச் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பையனைப் பற்றித்தான் பேச வேண்டும். அவன் பாதி சரியாகப் படித்திருக்கிறான். ‘கொ’வை எழுதிப் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, கடைசியில் துணைக்கால். கொம்பையும் க-வையும் சேர்த்தால் ‘கெ’தானே? துணைக்கால் இன்னும் பாக்கி. அதற்குள் நீங்கள் “கொ!” என்று குரல் கொடுத்தால் அவன் கண் புத்தகத்தை விட்டு உங்கள் முகத்துக்கு வந்துவிடும். கொ, கோ, கௌ மூன்றிலும் குறி எழுத்துக்கு இருபுறமும் நிற்கிறது. 18 மெய்க்கும் கணக்குப் போட்டால் 216 உயிர்மெய்யில் 54 எழுத்து இப்படி. அப்புறம் ஒலி வேறு இருக்கிறது. கடலில் வரும் க ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி. ப, க, ல் என்று தனித்தனியாகச் சொல்லி, சொன்னது தன் காதிலேயே விழுந்து, “அட, பகல்!” என்று பிள்ளைக்குப் பிடிபட இரண்டு மூன்று மூச்சு ஆகும். அந்த மூச்சைப் பிடுங்க உங்களுக்கு என்ன உரிமை?

‘படிப்பறிவில்லாதவர்கள், உதவ ஆளில்லை’ என்ற வரியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஓரெழுத்தும் தெரியாது. நானும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வாய் திறக்காதவன். பள்ளியில் ஒவ்வொரு தப்புக்கும் மேசையில் ஸ்கேல் விழும். சாயங்காலம் அம்மாயி தறிக்கான நூலை ராட்டையில் தார் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை படிப்பேன். நான் ஒரு சொல்லில் சிக்கி நின்றால் ராட்டையும் நிற்கும். அம்மாயி நூலை விரலில் பிடித்தபடி என்னையே பார்ப்பாள். எனக்குச் சொல் கிடைத்ததும் சக்கரம் மறுபடி சுற்றும். “அப்புறம், அந்த நரி என்னதான் பண்ணுச்சு?” நேற்றுக் கேட்ட கதையையே இன்றும் கேட்பாள். இரண்டாம் நாள் ராட்டை நிற்கவே நிற்காது.

அந்தத் தோட்டத்து அம்மாக்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ராத்திரி அடுப்படியில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு “அப்புறம்?” என்று கேட்டால் போதும். நேற்றுப் படித்த பக்கமாகவே இருக்கட்டும். வகுப்பில் அவனைத் தனியாக எழுப்பாதீர்கள், ஒரு சிநேகிதனோடு சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கட்டும். ‘கெ’ என்று ஆரம்பித்தால் எதுவும் பேசாமல் அந்தத் துணைக்காலுக்குக் கீழே உங்கள் விரலை வையுங்கள்.