'லோன்லி' என்றால் 'தனியாக' என்றுதானே அர்த்தம்? எதற்குச் சிரிக்கிறார்கள்?

கேள்வி: பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கோடவுனில் வேலை பார்க்கிறேன். லோடு இறக்க ஆள் வரவில்லை என்று "ஐ ஆம் லோன்லி இன் கோடவுன், ப்ளீஸ் சென்ட் ஒன் பெர்சன்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இரண்டு நாளாகக் கிண்டல் ஓயவில்லை. என்ன தப்பு?

பதில்: சிரித்தவர்களைக் கூப்பிட்டு ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் எழுதியது ஆங்கிலக்காரன் காதில் இப்படி விழும்: "கோடவுனில் துணையில்லாமல் மனசு ஏங்குது, ஒரு ஆளை அனுப்பி வைங்க."

நீங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் தப்பு உங்களுடையது இல்லை, சொல்லிக்கொடுத்த சூத்திரத்தினுடையது. 'எல், ஒய் வந்தால் தமிழில் ஆக' என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஸ்லோலி மெதுவாக, குவிக்லி வேகமாக. அதே கணக்கில் லோன்லி தனியாக ஆகிவிடுகிறது. ஸ்லோ, குவிக் போன்ற பெரும்பாலான சொற்களுக்கு இந்தக் கணக்கு ஓடும். ஃப்ரெண்ட்லி, லவ்லி, காஸ்ட்லி, லோன்லி மாதிரிச் சொற்கள் ஓடாத இடம். 'காஸ்ட்லி சட்டை' என்று தினமும் சொல்கிறோம், அது 'விலையாக சட்டை'யா? விலை கூடின சட்டை. லோன்லியும் அந்த ஜாதிதான். செயலைப் பற்றிப் பேசாது, ஆளின் மனசைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ பேசும். அதனால் 'ஹீ லிவ்ஸ் லோன்லி' தப்பு. 'ஹீ லிவ்ஸ் அலோன்' என்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை. 'ஹீ லிவ்ஸ் எ லோன்லி லைஃப்' என்றால் பாவம், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறார்.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 'ஐ வான்டர்ட் லோன்லி' என்று எழுதவில்லையா என்று கேட்க இப்போதே யாராவது கிளம்பியிருப்பார்கள். எழுதினார், கவிதை அச்சானது 1807இல். அங்கேயும் லோன்லி திரிந்த விதத்தைச் சொல்லவில்லை, திரிந்த ஆளின் நிலையைச் சொல்கிறது. 'பசியோடு வீட்டுக்கு வந்தான்' என்பதில் பசி வந்தவனுக்குத்தானே, வருகைக்கு இல்லையே? அதை வைத்துக்கொண்டு கோடவுன் மெசேஜில் வேர்ட்ஸ்வொர்த் ஆக வேண்டாம்.

அலோன் என்பது தலைக்கணக்கு. பழைய ஆங்கிலத்தில் 'ஆல்', 'ஒன்' என்று இரண்டு சொல்லாக இருந்து ஒட்டியது. இன்று 'வன்' என்று சொல்கிற 'ஒன்'னுக்கு அந்தக் காலத்தில் 'வ' ஒலி கிடையாது, அந்தப் பழைய உச்சரிப்பு அலோன், ஓன்லி போன்ற சொற்களில் தங்கிவிட்டது. நம்மூர் 'ஒத்தை ஆளா' மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமா துக்கமா என்று அது சொல்லாது. ஒரு ஆள் அலோனாக இருந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், கல்யாண மண்டபத்தில் ஐநூறு பேருக்கு நடுவே லோன்லியாகவும் உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் மலையாளமும் பேசுவீர்கள், இங்கே அது கை கொடுக்கும். 'ஞான் ஒற்றய்க்கா' என்று வருகிற இடத்தில் அலோன். 'ஒற்றப்பெடல்' என்று மனசு சொல்கிற இடத்தில் லோன்லி. தமிழில் 'தனிமை' இரண்டையும் சுமப்பதால்தான் குழப்பம். ஔவைப் பாட்டில் 'இனிது' என்று வரும் ஏகாந்தம் இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் சாலிட்யூட், லோன்லினெஸ் இல்லை. இரண்டு மொழியை வைத்து மூன்றாவதைப் பிடிக்கிற வசதி எல்லையில் இருப்பவனுக்குத்தான் உண்டு. ஆனால் யார் மதிக்கிறார்கள்? பாலக்காட்டுக்குள் போனால் 'பாண்டி' என்று தமிழனைக் கிண்டல் செய்வார்கள், வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 'மலையாளத்தான்'. 'ஒண்டியா வந்தேன்' என்று நம் பேச்சில் சொன்னாலே நக்கல். சரி, அது வேறு பஞ்சாயத்து.

இனி சொல் நிற்கிற இடம். நம் பக்கத்துக் காட்டில் நிற்கிற ஒற்றைப் பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆன் அலோன் பாம்' என்று எழுதக்கூடாது, அலோன் பெயருக்கு முன்னால் நிற்காது. அஸ்லீப், அஃப்ரெய்ட், அலைவ் எல்லாம் இதே குணம். 'தி பாம் ஸ்டாண்ட்ஸ் அலோன்' சரி. முன்னால் வைக்கத்தான் அலோனின் தலை 'அ'வை வெட்டி 'லோன்' என்று ஒரு சொல் வந்தது: 'எ லோன் பாம்', அதாவது ஒன்றே ஒன்று நிற்கிறது. இந்த லோனும் பேங்க் லோனும் உச்சரிப்பில் ஒன்றே, எழுத்தில்தான் வேறு. லோன் பெயருக்குப் பின்னால் போகாது, 'தி பாம் இஸ் லோன்' கிடையாது. 'எ லோன்லி பாம்' என்றால் பனைக்கே ஏக்கம் என்ற தொனி வரும். இடத்துக்குச் சொன்னால் மட்டும் லோன்லிக்கு ஆள் நடமாட்டமில்லாதது என்று அர்த்தம்: 'எ லோன்லி ரோட்'.

இன்னொரு பொறி, 'மட்டும்'. 'ஐ வென்ட் அலோன்' என்றால் துணைக்கு ஆளில்லாமல் போனேன். 'ஐ அலோன் வென்ட்' என்றால் நான் மட்டும்தான் போனேன், மற்றவன் எவனும் போகவில்லை. லீவ் கேட்கும்போதும் கவனம்: 'மை மதர் இஸ் அலோன் அட் ஹோம்' என்றால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, லீவ் கிடைக்கும். லோன்லி என்று போட்டால், போன் பண்ணிப் பேசேன்பா என்று மேனேஜர் சொல்லலாம். அழுத்தம் வேண்டுமானால் 'வெரி லோன்லி' வரும், 'வெரி அலோன்' வராது, 'ஆல் அலோன்' என்று சொல்ல வேண்டும்.

எல்லா 'தனி'யும் இந்தக் கூட்டத்தில் சேராது என்பதையும் பாருங்கள். 'சட்னியைத் தனியா கட்டுங்க' என்பதற்கு செப்பரேட்லி. 'உங்ககிட்ட தனியா பேசணும்' என்பதற்கு இன் பிரைவேட். உதவியில்லாமல் செய்து முடித்தேன் என்று ரெஸ்யூமில் எழுத 'ஆன் மை ஓன்'. பாக்கெட் டிக்‌ஷனரி பல இவை எல்லாவற்றுக்கும் 'தனியான' என்று ஒரே வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

இரவு ஷிஃப்ட்டில் பெண் ஊழியருக்கு 'ஐ ஆம் லோன்லி' என்று மட்டும் தட்டிவிடாதீர்கள், தூண்டில் போடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

குரூப்பில் இப்படிப் போட்டிருக்கலாம்: "ஐ ஆம் அலோன் இன் தி கோடவுன். ப்ளீஸ் சென்ட் சம்ஒன் டு ஹெல்ப் அன்லோட்." லாரி நம்பரையும் சேர்த்துப் போடுங்கள், ஆள் சீக்கிரம் வருவான்.