தச்சு வேலை பழக எந்த மரத்தில் தொடங்குவது?

பவர் டூல் செட் ஒன்றும் தேக்குப் பலகையும் வாங்கி வீட்டிலேயே மரவேலை பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். பிழைப்பு வேறு, மரவேலை ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். முதலில் செய்தது ஒரு முக்காலி. தோப்பில் காய்ப்பு நின்றுபோன மாமரத்தை வெட்டி, மில்லில் அறுத்து, பதினைந்தே நாளில் வேலையைத் தொடங்கிவிட்டேன். கொட்டாப்புளியால் அடித்து இறக்கிய கால்கள், தை பிறப்பதற்குள் கையாலேயே உருவ வந்தன. பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. அகலவாக்கில் நன்றாகவே சுருங்கும். கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் கால் முனை, மெலிந்தது, துளை கோணிக்கொண்டது. போதாக்குறைக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டியது. மாமரம் சீக்கிரம் உளுக்கும்.

எங்கள் தெரு ஆசாரி அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மரத்தைச் சொல்லிக் குத்தமில்ல தம்பி, நீ அவசரப்பட்டுட்ட" என்றார். ஒரு இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் காய வேண்டும். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் (மெல்லிய சட்டம்) கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். அறுத்த முனைகளில் பெயிண்ட் பூசினால் வெடிப்பு குறையும்.

அதுவரை பழகுவதற்கு, கம்பெனிகள் கழித்துப் போடும் பேக்கிங் பெட்டிப் பைன் பலகை போதும். ஓசூர் பக்கம் போனால் தேடிப் பாருங்கள். பலகையில் குத்திய முத்திரையில் 'எச்டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய சட்டம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் காந்தத்தை ஓட்டி ஆணி தேடாமல் இழைத்தால் இழைப்புளி வாய் போய்விடும். அனுபவம்தான்.

கருவி என்றால் ஒரு கை ரம்பம், அரை இன்ச்சிலும் ஒரு இன்ச்சிலும் உளி, இழைப்புளி, மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), தீட்டுகல். மூலமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் வாங்காதீர்கள்.

முதல் மாதம் உளி தீட்டுவதிலேயே போகட்டும். உளியின் சாய்வு, தகட்டின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம் இருந்தால் சரியாக 30 டிகிரி. சாய்வில்லாத முதுகுப் பக்கத்தைக் கல்லில் தட்டையாகவே தேய்க்க வேண்டும், இம்மி தூக்கினாலும் போச்சு. பைன் கட்டையின் குறுக்கு முனையைச் சீவிப் பாருங்கள். நார் நசுங்கி வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் தீட்ட வேண்டும். கண்ணாடிபோல் மின்னினால் போதும்.

சமையலறை அலமாரிதான் அவசரம் என்றால் தண்ணீர் தாங்கும் 710 (IS 710) முத்திரையிட்ட பிளைவுட்டை வாங்கி ஆளை விட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்த முக்காலி இன்னும் எங்கள் மோட்டார் ரூமில் கிடக்கிறது, மூன்று காலிலும் புளியமரத்து ஆப்போடு.