விரல் விறைத்தால் தைலம் தேடாதீர்கள்

கேள்வி: வயது 54. வெள்ளவத்தையில் சங்கீதம் கற்பிக்கிறேன். இரத்தத்தில் கல்சியம் 11.9 மி.கி. பராதைரொயிட் சுரப்பி ஒன்றில் கட்டியாம், சின்ன வெட்டில் எடுக்கலாமாம். குரல் போய்விடுமா? புற்றுநோயா? பால், தயிர், நெத்தலி எல்லாம் நிறுத்திவிட்டேன்.

பதில்: கழுத்தில் தைரொயிட்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள்தான் பராதைரொயிட். இரத்தத்துக் கல்சியத்தைக் கட்டுப்படுத்துபவை அவை. குரல் நரம்பு அவற்றை உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. ஆனாலும் பழகிய கையில் குரல் நிரந்தரமாகக் கெடுவது நூறில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம். சில நாள் கரகரப்பு வரலாம். பாடுகிறவர் என்பதை சத்திரசிகிச்சை நிபுணரிடம் முன்பே சொல்லுங்கள். குரல்நாணைக் கமராவில் பார்த்துக் குறித்து வைப்பார். புற்றுநோய் மிக மிக அரிது, அதை விடுங்கள்.

செஸ்டாமிபி ஸ்கானும் (கட்டியுள்ள சுரப்பியைக் காட்டும் கதிரியக்கப் படம்) கழுத்து அல்ட்ராசவுண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் 2–3 செ.மீ. வெட்டு போதும். கட்டியை எடுத்து 10 நிமிடத்தில் பராதைரொயிட் ஹோர்மோன் பாதிக்குமேல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மற்ற மூன்றையும் தேடுவார்கள், வெட்டு நீளும். அது யாருடைய பிழையும் அல்ல.

பாலை நிறுத்தச் சொன்னது யார், கைப்பேசியா? கூடியிருக்கும் கல்சியம் பாலில் வந்ததல்ல, உங்கள் எலும்பிலிருந்து உருவியது. சாப்பாட்டில் குறைத்தால் சுரப்பி எலும்பை இன்னும் உருவும். வழமையான அளவு பாலும் தயிரும் சாப்பிடுங்கள். அதற்காக பார்மசியில் கல்சியக் குளிசை வாங்கி விழுங்கவும் வேண்டாம். விற்றமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு முன்பே அளந்து தருவார்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? கட்டி போனதும் பட்டினி கிடந்த எலும்பு இரத்தத்திலுள்ள கல்சியத்தை அள்ளிக்கொள்ளும். மிச்ச மூன்று சுரப்பிகளும் இத்தனை நாள் தூங்கியவை, எழும்பச் சில நாள் எடுக்கும். கல்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள். நீங்களோ மறுநாளே வார்டில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்திருப்பீர்கள்.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல விறைத்தால் 'களைப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வார்டில் தந்த கல்சியக் குளிசையை, துண்டில் எழுதிய மேலதிக அளவில் உடனே எடுங்கள். அரை மணித்தியாலத்தில் குறையாவிட்டால், அல்லது கை மடங்கி இழுத்தால், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் நாளம் வழியாகக் கல்சியம் ஏற்றத்தான் வேண்டும். கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் குளிசையெல்லாம் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள்.

தைரொக்சின் (தைரொயிட் குறைவுக்கான குளிசை) குடிப்பவரானால் கல்சியக் குளிசைக்கும் அதற்கும் 4 மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். அடுத்த கல்சியப் பரிசோதனை எந்தத் திகதி என்று துண்டில் எழுதி வாங்காமல் வார்டை விட்டு வெளிக்கிட வேண்டாம்.