உபுண்டுல விர்ச்சுவல்பாக்ஸ் கெர்னல் டிரைவர் எரர் வருது, செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிரட்டா?

ஆஃப் பண்ணாண்டாம் தம்பி. தக்கலையில அப்பாக்க ரப்பர் கடை கணக்குக்கு டேலி வேணும், அது விண்டோஸ்லதான் ஓடும், லேப்டாப்ல உபுண்டு 24.04, உபுண்டுக்குள்ளேயே விண்டோஸ ஓட்டுத விர்ச்சுவல்பாக்ஸ் ஏறிட்டு ஆனா அதுல உண்டாக்கின விண்டோஸ் மெஷின ஸ்டார்ட் பண்ணினா கெர்னல் டிரைவர் இல்ல, மைனஸ் 1908ன்னு வருதுன்னு எழுதியிருக்க. நாகர்கோவில்ல சின்னக் கடைகளுக்கு நான் இதே செட்டப்தான் போட்டுக் குடுக்கேன். செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுன்னு சொல்லுத வீடியோதான் நெறய கெடக்கு, பூட்டு தொறக்கலன்னு கதவையே கழத்தி வைக்கச் சொல்லுத மாதிரி இருக்கு அது.

விர்ச்சுவல்பாக்ஸ் மத்த ஆப் மாதிரி இல்ல கேட்டியா, அதுக்க மாட்யூல் ஒண்ணு கெர்னலுக்கு, அதாவது உபுண்டுக்க உயிர்நாடிக்கு, உள்ள போய் உக்காரணும், செக்யூர் பூட் ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூல கெர்னல் உள்ள விடாது. உபுண்டுக்க ஆப்ட்ல (ஆப் ஏத்துத கட்டளை) இருந்து போட்டா அதுவே ஒரு சாவி உண்டாக்கி கையெழுத்தும் போட்டுரும், ஆனா அந்தச் சாவிய ஏத்துக்கிடுதேன்னு நீ ஒருக்கா சொல்லணும். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்ல நீல ஸ்கிரீன் வரும், அங்க என்ரோல் மோக் (மோக்ங்கது அந்தச் சாவிதான்) எடுத்து, கன்டினியூ, யெஸ் குடுத்து அதே பாஸ்வேர்ட அடிக்கணும். கொஞ்ச செகண்ட்தான் நிக்கும், எதுவும் தொடலன்னா நேரா உபுண்டுக்குப் போயிரும், முக்காவாசிப் பேருக்கு இங்கதான் கைவிட்டுப் போகுது. பேடிக்காத, டெர்மினல்ல சூடோ போட்டு மோக்யூட்டில் இம்போர்ட் கட்டளையில வார் லிப் ஷிம்-சைன்டு மோக் ஃபோல்டர்ல கெடக்க மோக் டெர் ஃபைல குடுத்தா மறுபடி பாஸ்வேர்டு கேக்கும், ரீஸ்டார்ட்ல நீல ஸ்கிரீனும் திரும்ப வரும். மாட்யூல் உண்டாக்கதுக்கு வேண்டிய, நீ ஓட்டுத கெர்னலுக்குப் பொருந்துத லினக்ஸ் ஹெடர்ஸ் ஜெனரிக் பேக்கேஜ் இருக்கான்னும் பாத்துக்கோ, அது இல்லாம கெர்னல் அப்டேட் வந்தா மாட்யூல் திரும்ப உண்டாகாது, எரர் மறுபடி வரும்.

இது சரியான பெறவு விடி எக்ஸ் (மெஷினுக்குள்ள மெஷின் ஓட்ட ப்ராசசர்ல இருக்க வசதி) வேற யாரோ வச்சிருக்கான்னு எரர் வந்தா அது கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி லினக்ஸ் கெர்னல்லேயே இருக்க ஒண்ணு. கெர்னல் 6.12ல இருந்து கேவிஎம் லோட் ஆகும்போதே அதப் பிடிச்சுக்கிடுது. இன்டெல்னா கேவிஎம் இன்டெல் மாட்யூல, ஏஎம்டின்னா கேவிஎம் ஏஎம்டி மாட்யூல ஆர்எம்மாட் (மாட்யூல வெளிய எடுக்குத கட்டளை) பண்ணினா விட்டுரும்.

விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஆரக்கிள் தனியா குடுக்க எக்ஸ்டென்ஷன் பேக் மட்டும் போடாத. அது வீட்டுக்கும் படிக்கதுக்கும்தான் இலவசம், கடைக்குன்னா ஆரக்கிள்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்க யூஎஸ்பி) குத்தணும்னுதான் நெறய பேர் அதப் போடுதாங்க, ஆனா 7.0ல இருந்து யூஎஸ்பி 2, 3 எல்லாம் மெயின் பேக்கேஜ்லேயே இருக்கு, 24.04ல வருதது 7.0தான். உனக்க யூசர விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல சேத்து லாக்அவுட் பண்ணி வந்தா டோக்கன் தெரியும்.

விண்டோஸ் 11 போடுததா இருந்தா ரேம் 4 ஜிபியாவது ஒதுக்கு, அது கேக்குத டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பு விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸ்லேயே உண்டு. விண்டோஸ் லைசென்ஸ் தனியா வேணும்.

ஆனி ஆடி மழைக்கு நம்ம பக்கம் கரண்டு எப்ப போவும்னு தெரியாது. லேப்டாப்ப பேட்டரி தீர விட்டுராத, டேலிய மூடி, விண்டோஸ ஷட்டவுன் பண்ணிட்டு எந்தி. விர்ச்சுவல்பாக்ஸ்ல ஸ்னாப்ஷாட் (மெஷினுக்க அந்த நேரத்து நெலமைய சேத்து வைக்கது) எடுத்தா போதும்னு நெனைக்காண்டாம், அதுவும் அதே டிஸ்க்லதான் கெடக்கும். டேலி டேட்டா ஃபோல்டர தெனமும் கடை அடைக்கும்போ பென்டிரைவ்ல காப்பி பண்ணி அப்பாகிட்ட குடு.