ஆஸ்திரேலியக் குக்கிராமங்களில் டென்னிஸ் கோர்ட் எதற்கு?

"நாலு வீடு, ஒரு சர்ச் இருக்கும் ஆஸ்திரேலியக் கிராமத்தில்கூட டென்னிஸ் கோர்ட் இருக்கிறதே, பணக்கார விளையாட்டு அங்கே எப்படிப் போனது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே அது பணக்கார விளையாட்டே இல்லை. நிலம் தாராளம், உழைப்பு ஊர்க்காரர்களுடையது. குவீன்ஸ்லாந்துப் பக்கம் கரையான் புற்றை இடித்துப் பொடியாக்கி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவார்கள். காய்ந்தால் சிமெண்ட் போல இறுகிவிடும். டென்னிஸ் சாம்பியன் ராட் லேவரின் குடும்பம் வீட்டுப் பக்கத்திலேயே இப்படி ஒரு கோர்ட் போட்டிருந்தது. இன்னொரு சாம்பியன் ராய் எமர்சனும் அதே பக்கம் பிளாக்பட் என்ற ஊரில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

ஆனால் ஊருக்கு அது தேவைப்பட்ட காரணம் வேறு. கோதுமை, ஆட்டுப் பண்ணைகளில் அடுத்த வீடே சில மைல் தள்ளி இருக்கும். கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. டென்னிஸில்தான் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் நின்று ஆட முடிந்தது. பண்ணைக்காரர் மகள், புதிதாக வந்த பள்ளி ஆசிரியர், பேங்க் கிளார்க் எல்லாரும் சனிக்கிழமை மதியம் அங்கே கூடுவார்கள். கல்யாணப் பேச்சும் ஆட்டு விலையும் அங்கேயே ஓடும். அப்புறம் டீ. ஸ்கோன், கேக், சாண்ட்விச் என்று பெண்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும். (ஆடுவதும் அவர்கள், சமைப்பதும் அவர்கள். சமத்துவம் அந்த அளவுதான்!) என்னைக் கேட்டால், பலர் வந்ததே அந்த டீக்காகத்தான்.

சரி, எல்லாருக்கும் இடம் இருந்ததா? நியூ சவுத் வேல்ஸில் பாரெல்லன் என்று ஒரு சிற்றூர். ஆட்டு ரோமம் கத்தரிப்பவரின் மகளான பழங்குடிச் சிறுமி ஈவான் கூலகாங், அங்கே வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். பில் கர்ட்ஸ்மன் என்ற உள்ளூர்க்காரர் உள்ளே வந்து ஆடச் சொன்னார். பிறகு ஊரே அவளுக்குத் துணை நின்றது. 1971-இல், 19 வயதில், விம்பிள்டன் இறுதியில் மார்கரெட் கோர்ட் என்ற ஆஸ்திரேலிய வீராங்கனையை வென்றாள். மார்கரெட்டும் ஆல்பரி என்ற நாட்டுப்புற நகரத்துக்காரர்தான். பாரெல்லனின் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் பழங்குடியினரைப் பல ஊர்களில் பொது நீச்சல் குளத்தில்கூட விடாத காலம் அது. உள்ளே கூப்பிட ஒருவர் மனது வைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிற்பாடு இயந்திரங்கள் வந்து பண்ணைகள் பெரிதாகின, குடும்பங்கள் குறைந்தன, கார் வந்ததும் கூட்டம் பெரிய ஊருக்குப் போனது. பல கோர்ட்டுகளில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. பாரெல்லனில் மட்டும் 2009-இல் 13.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு டென்னிஸ் மட்டைச் சிலையே வைத்துவிட்டார்கள்.